நட்சத்திரக் குறியிட்ட கட்டம்

மாம்பாக்கம் தாண்டி ஒரு வளைவு. ஏதோ லாரி முந்தின நாள் சிந்திவிட்டுப் போன மணல். முன்சக்கரம் அதில் இறங்கியது தெரியும், அப்புறம் வானம் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் நடந்தது என்னிடம் இல்லை. விடிந்தும் விடியாத நேரம். சைக்கிள் பாதி என்மேலும் பாதி சாலைமேலும் கிடக்க, பின்சக்கரம் மட்டும் ஒன்றும் நடக்காததுபோலச் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒரு தண்ணீர் லாரி நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து முதலில் சைக்கிளைத் தூக்கி ஓரமாக வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாமா, பலமா அட்ச்சிகினியா? எய்ந்துக்காத. அப்டியே குந்து."

குந்தினேன். வலது மணிக்கட்டு வேறு யாருடையதோ போலத் தொங்கியது. முழங்காலில் ரத்தமும் மணலும். அவர் லாரியின் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் பிடித்து வந்து ஊற்றினார்.

"கல்யாண மண்டபத்துக்குப் போற தண்ணி. ரெண்டு மக்கு கொறஞ்சா மாப்ள ஓடிட மாட்டான்" என்றார். "வூட்ல யாரு கீறாங்க? நம்பர் சொல்லு, போன் போடறேன்."

சொன்னேன். பத்து இலக்கமும் தடங்கல் இல்லாமல் வந்தன. அவர் அழுத்தினார், காதில் வைத்தார். என் சட்டையின் முதுகுப் பையில் ஃபோன் அடித்தது.

அவர் தன் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், பிறகு என் முதுகை எட்டிப் பார்த்தார்.

"உன் நம்பரையே சொல்லிகீறியேம்மா." சிரித்துவிட்டு, உடனே சந்தேகம் வந்து என் கண்ணுக்குள் குனிந்து பார்த்தார். "தல கில அட்ச்சிதா? நான் யாரு, சொல்லு பாப்போம்."

"தண்ணி லாரி."

"ஆங். தெளிவாத்தான் கீற. வேற நம்பர் சொல்லு."

வேறு நம்பர். ஃபோனுக்குள் நானூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். காஸ் ஏஜென்சி, பல் டாக்டர், பிளம்பர் இரண்டு பேர், கல்லூரி நூலகத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள், எப்போதோ ஒரே கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அந்தக் காலை நேரத்தில், ரோட்டில் கிடக்கிறேன் வா என்று சொல்ல ஒரு பெயரைத் தேடினேன். மனசுக்குள் கட்டைவிரல் மேலிருந்து கீழே போனது, கீழேயிருந்து மேலே வந்தது.

"பரவால்லண்ணா. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் நம்பவில்லை. ஆனால் கல்யாண மண்டபம் காத்திருந்தது. ஓர் ஆட்டோவை நிறுத்தி, சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி அதற்குள் திணித்து, என்னையும் திணித்து அனுப்பிவிட்டுத்தான் போனார்.

எலும்பில் மயிரிழை விரிசல். ஐந்து வாரம் கட்டு. வீட்டுக்கு வந்து ஃபோனைப் பார்த்தால், அதில் இருந்த இலவச ஆப் அன்றைய பயணத்தைக் கச்சிதமாகச் சேமித்து வைத்திருந்தது. இருபத்திரண்டு கிலோமீட்டர், நல்ல சராசரி வேகம், பாராட்டுகள். அசையாமல் இருந்தால் தானாகவே நின்றுகொள்ளும் வசதி அதற்கு உண்டு. நான் விழுந்ததும் அது நின்றுகொண்டது. விழுந்த நேரத்தை வெட்டி எடுத்துவிட்டு, ஆட்டோவில் வந்த மிச்சத்தையும் ஒட்டி, விழாத ஒரு காலையை எனக்குக் கொடுத்திருந்தது. அந்த வரைபடத்தில் வளைவு இருந்தது, மணல் இல்லை, நான் கிடந்தது இல்லை. அந்த நொடியில்தான் இனி இது வேண்டாம், வேறு மென்பொருள் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்தேன்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. செம்பாக்கத்தில் இரண்டாவது மாடி. சமையலறை ஜன்னலில் நின்று கொஞ்சம் எட்டிப் பார்த்தால் ஏரியில் ஒரு கீற்று தெரியும். திருமணம் முடிந்துபோய் வெகுநாளாகிறது, மகன் கனடாவில். வாரநாட்களில் தாம்பரத்தில் ரயிலேறிக் காட்டாங்குளத்தூர் போய்ப் புத்தகங்களை அடுக்குகிறேன். சனி, ஞாயிறுகளில் விடிகாலை ஐந்துக்கெல்லாம் சைக்கிளை எடுத்துவிடுவேன். பன்னிரண்டு வருஷமாக. போட்டிக்குப் போகிறவள் இல்லை. ஆனாலும் கணக்கு வேண்டும் எனக்கு. எத்தனை தூரம், இதயம் எத்தனை துடித்தது, போன மாதத்தைவிட ஏற்றத்தில் மூச்சு குறைவாக வாங்கியதா. யாரும் கேட்காதபோது நம்மைப் பற்றி ஒன்றாவது நம்மிடம் கேட்கவேண்டாமா.

இடது கையால் தட்டித் தட்டி மூன்று மென்பொருள்களை இறக்கிவைத்தேன்.

முதலாவது ஊரே இருக்கிற இடம். ஓட்டியதைப் போட்டால் மற்றவர்கள் கட்டைவிரலை உயர்த்துவார்கள். ஒரு காலத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் என்னைத் தவிரப் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு விரல். இப்போது விழுந்த அன்றைய பயணத்தைப் போட்டுப் பார்த்தேன், இரண்டு. ஒன்று கோயம்புத்தூரில் யாரோ. இன்னொன்று சைக்கிள் விளக்கு விற்கிற கடை.

இரண்டாவது லேப்டாப்பிலேயே இருந்துகொள்வது. யாரிடமும் எதையும் சொல்லாது. பழைய கோப்புகள் அத்தனையும் ஏற்றினேன், பன்னிரண்டு வருஷத்தையும் முணுமுணுப்பில்லாமல் வாங்கிக்கொண்டது. அதில் இரண்டு கோடுகள். கடந்த ஆறு வாரம் உடம்புக்குள் சேர்ந்த தெம்பு ஒரு கோடு, கடந்த ஒரு வாரத்துக் களைப்பு இன்னொரு கோடு. தெம்பிலிருந்து களைப்பைக் கழித்தால் வருவது இன்றைய நிலை. கணக்கு அழகாகத்தான் இருந்தது. கட்டுப் போட்டு நான் வீட்டில் கிடக்கக் கிடக்கக் களைப்பு மளமளவென்று வடிந்தது, தெம்பு மெல்லத்தான் இறங்கியது. ஆகவே என் நிலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. ஒற்றைக் கையால் பின்னல் போட முடியாமல் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தேன். கேட்க ஆளில்லாததால் நான்கு நாள் வாயைத் திறந்து பேசவே இல்லை. லேப்டாப்பில் பச்சை நிறத்தில் எழுத்து வந்தது: புத்துணர்ச்சியுடன் இருக்கிறீர்கள். போட்டிக்கு உகந்த வாரம்.

எந்தச் சோகத்தையும் ஓய்வு என்று எழுதிக்கொள்கிற இயந்திரம். அதன்மேல் கோபம்கூட வரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

மூன்றாவதுதான் நான் தேடியது. கோடுகளும் வரைபடங்களும் அதிலும் உண்டு. அதோடு, சைக்கிள் சட்டென்று நின்று, அரை நிமிடம் அசைவே இல்லாவிட்டால், நாம் சொல்லியிருக்கும் ஒருவருக்கு இருக்கிற இடத்தோடு செய்தி அனுப்பும். விழுந்ததை வெட்டி எறியாது. நிறுவியதும் கேள்விகள் கேட்டது. எடை, உயரம், படுத்திருக்கும்போது இதயத் துடிப்பு. எல்லாம் சொன்னேன். கடைசியில் ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரக் குறி. அவசரத் தொடர்பு. நிரப்பாமல் மேலே போகமுடியாது.

என் எண்ணைப் போட்டேன். உங்கள் எண்ணையே கொடுக்க இயலாது என்றது. தண்ணீர் லாரிக்காரர் சொன்னதைத்தான் இதுவும் சொன்னது, சிரிக்காமல்.

அன்றைக்கு மகன் வீடியோவில் வந்தான். கட்டை மறைக்க முடியவில்லை.

"அம்மா, இந்த வயசுல உனக்கு ரோடு எதுக்கும்மா? வீட்டுக்குள்ளேயே ஓட்டற மாதிரி ஒரு மெஷின் வாங்கிக்கோயேன்."

"செவுத்தப் பாத்துக்கிட்டு எவ்ளோ தூரம்டா போறது?"

"சரி, என் நம்பரைப் போடு. விழுந்தா எனக்கு வரட்டும்." அப்புறம் அவனே நிறுத்தி, "எனக்கு வந்துச்சுன்னு வை. நான் அங்க யாரைக் கூப்பிடணும்?" என்று கேட்டான்.

குற்றம் சொல்லும் குரல் இல்லை. எழுதி வைத்துக்கொள்ளப் பேனாவோடுதான் கேட்டான்.

"யோசிச்சு அனுப்பறேன்டா" என்றேன்.

யோசிக்க ஒருத்திதான் இருந்தாள். குழுவில் ஆறு வருஷம் என் பக்கத்துச் சக்கரமாக வந்தவள். ஏற்றத்தில்கூட வாய் மூடமாட்டாள். மாமியார், மகளின் கணக்குப் பரீட்சை, கேஸ் அடுப்பில் பொங்கி வழிந்த பால் எல்லாவற்றையும் மூச்சிரைப்புக்கு நடுவே சொல்லிக்கொண்டே வருவாள். நான் ம் போடுவேன். பிறகு நாவலூரில் பதினான்காவது மாடிக்குக் குடிபோனாள், முழங்கால் தேய்ந்தது, சைக்கிளை விற்றாள். சண்டையெல்லாம் இல்லை. பேச்சு குறைந்து, செய்தியாகி, செய்தி பொங்கல் வாழ்த்தாகி, வாழ்த்தும் யாரோ செய்த படமாகிவிட்டது. அப்படிப்பட்டவளிடம் போய், நான் விழுந்தால் எனக்கு நீதான் என்று எப்படிச் சொல்வது? சொல்லவேண்டாம், மென்பொருளே சொல்லிக்கொள்ளட்டும் என்று எண்ணைப் போட்டேன். அழைப்பு அனுப்பப்பட்டது என்று வந்தது. அன்றைக்குப் பகல் முழுக்க ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன்.

மறுநாள் காலை: அழைப்பு நிராகரிக்கப்பட்டது.

தவறி அழுத்தியிருப்பாள் என்று கூப்பிட்டேன். ஒரு மணி அடித்து வெட்டியது. மீண்டும். ஒரு மணி, வெட்டு. இரண்டு நாள் கழித்து, எங்கள் பழைய குழுவின் வாட்ஸப்பில் ஒரு சாம்பல் நிற வரி. நீங்கள் நீக்கப்பட்டீர்கள். அவ்வளவுதான். ஏன் என்று ஒரு குரல் இல்லை. பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட.

மூன்று வாரம் அப்படி. என்ன செய்தேன் என்று தேடினேன். எப்போதாவது யாரையாவது காக்க வைத்தேனா, யாருடைய மகள் கல்யாணத்துக்காவது போகாமல் இருந்தேனா? பழைய பயணங்களை லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எந்த ஞாயிறு எந்த வளைவில் நான் முந்திப் போனேன், யாரை விட்டுவிட்டுப் போனேன். அந்த மென்பொருள் எல்லாவற்றையும் வைத்திருந்தது, வேகம், உயரம், வெப்பம். யார் பக்கத்தில் வந்தார்கள் என்பதற்கு மட்டும் அதில் கோடு இல்லை.

கட்டுப் பிரித்த பிறகு வந்த முதல் ஞாயிறு சைக்கிளை எடுத்தேன். கிளம்பும்போது மணி எட்டு ஆகிவிட்டது, மனசு வராமல் வாசலிலேயே நின்றதில். மேடவாக்கம், பொன்மார், தாழம்பூர். மணல் கண்ட இடத்திலெல்லாம் இறங்கி உருட்டினேன். எங்கே போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. நாவலூர் வந்ததும் தெரிந்துபோயிற்று. மறுத்தால் மறுக்கட்டும், முகத்தைப் பார்த்து மறுக்கட்டும்.

குடியிருப்பின் வாசலில் செக்யூரிட்டி என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு இன்டர்காமை எடுத்தார். "மேடம், உங்க ஃப்ரெண்டுன்னு ஒருத்தங்க. சைக்கிள்ல வந்திருக்காங்க."

ரிசீவரைத் தாண்டி அவள் குரல் வெளியே கேட்டது. "சைக்கிள்லயா? ஒல்லியா, பேசாம நிக்கறாளா? அப்ப அவளேதான். அனுப்புங்க, அனுப்புங்க!"

லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரே நின்றாள். கையில் கரண்டி.

"ஏய், உன் நம்பரை எவனோ ஹேக் பண்ணிட்டான்டி! தெரியுமா தெரியாதா?"

"என்ன?"

"உன் பேர்ல எனக்கு ஒரு மெசேஜ். இங்கிலீஷ்ல. இரு, ஸ்கிரீன் ஷாட் எடுத்து வெச்சிருக்கேன், போலீசுக்குக் குடுக்கலாம்னு." ஃபோனை நீட்டினாள். என் பெயர், அதற்குக் கீழே இந்தப் பொருளில் ஒரு வரி: இவர் அசைவில்லாமல் கிடந்தால் உங்களுக்குத் தெரிவிப்போம். ஒப்புக்கொள்ள இங்கே தொடவும்.

"படிச்சதும் எனக்குக் குலை நடுங்கிடுச்சு. உன்னைக் கடத்திவெச்சு மிரட்டறானோன்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரர்தான் சொன்னார், இது புது மாதிரி மோசடி, லிங்க்கைத் தொட்டா மொத்தமும் போயிடும்னு. உடனே வேண்டாம்னு அமுக்கி, உன் நம்பரை பிளாக் பண்ணி, குரூப்ல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போட்டேன். அவ நம்பர் போச்சு, அதுலேர்ந்து எது வந்தாலும் தொடாதீங்க, கூப்பிட்டாலும் எடுக்காதீங்கன்னு. குரூப்லேர்ந்தும் தூக்கச் சொன்னேன்." மூச்சு விட்டாள். "எல்லாரையும் காப்பாத்திட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிடி சொல்றது? உன் நம்பருக்குத்தானே போடணும்? அதைத்தானே பிளாக் பண்ணியிருக்கேன்!"

சிரித்தேன். அடக்க முடியவில்லை, சோபாவில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்த இடத்தில் மூன்று வாரம் அப்படியே கிடந்தது. நாவலூருக்கும் செம்பாக்கத்துக்கும் நடுவே கடல் ஒன்றும் இல்லை. அவளுக்கும் அது தோன்றியிருக்கவேண்டும், கரண்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். "நீயே புது நம்பர் வாங்கிட்டுக் கூப்பிடுவேன்னு இருந்துட்டேன்" என்றாள், தணிந்த குரலில்.

மோர் கொடுத்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். மோசடி இல்லை, நான்தான் அனுப்பினேன். விழுந்ததைச் சொன்னேன். தண்ணீர் லாரியைச் சொன்னேன். என் நம்பரையே சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

"உன் பையன்?"

"கனடாலேர்ந்து என்ன பண்ணுவான்?"

"ஆபீஸ்ல யாராவது? பக்கத்து வீடு?" கேட்டுக்கொண்டே வந்தவள் நின்றாள். "வேற யாரும் இல்லையாடி?"

டம்ளரில் கறிவேப்பிலை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் ஃபோனைக் குடு" என்று கையை நீட்டினாள். தன் ஃபோனில் பழைய செய்தியைத் தேடித் தொட்டாள். இணைப்பு காலாவதியாகிவிட்டது என்றது. முதலில் என் மேலிருந்த தடையை அவள் எடுக்கவேண்டியிருந்தது, எங்கே எடுப்பது என்று தெரியவில்லை, இரண்டு பேரும் மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கி இறக்கித் தேடினோம். பிறகு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே மறுபடி அனுப்பினேன். அவள் மடியில் ஃபோன் குலுங்கியது. ஏற்கிறவர் என்ன உறவு என்று கேட்டு ஒரு பட்டியல் வந்தது. கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், நண்பர், மற்றவர்.

"இதுல என்னடி போடறது?"

"உனக்கு என்ன தோணுதோ."

விரல் மேலே போனது, கீழே வந்தது. எதையோ தொட்டாள். ஃபோனைத் திருப்பிக் காட்டவில்லை, நானும் எட்டிப் பார்க்கவில்லை. என் பக்கம் வந்தது ஒரே வார்த்தை. உறுதியானது.

கிளம்பும்போது லிஃப்ட் வரைக்கும் வந்தாள். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. ராத்திரி மாத்திரை போட்டுத்தான் தூங்கறேன் இப்பல்லாம். ஃபோன் சைலண்ட்ல கிடக்கும், எட்டு மணிக்குத்தான் எடுப்பேன். அதனால, விழறதா இருந்தா எட்டு மணிக்கு மேல விழு."

"சரி."

"சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன்."

"நானும் நெசமாத்தான் சொல்றேன்."

மாத்திரை எதற்கு என்று கேட்டிருக்கவேண்டும். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

மற்ற இரண்டு மென்பொருள்களையும் அன்றைக்கே அழித்தேன். ஐந்து மணிச் சாலையையும் விட்டேன். அது எனக்கே எனக்கென்று இருந்த சாலை. பனி படிந்த புல், தெருவிளக்கு அணைகிற நொடி, நாய்கள்கூடக் குரைக்கச் சோம்பல்படுகிற நேரம். எட்டு மணி வேறு ஊர். மேடவாக்கம் சாலையில் பேருந்துகளும் ஷேர் ஆட்டோக்களும் காய்கறி வண்டிகளும், முதுகில் வெயில் அறைந்து ஏறிக்கொள்ளும். வேகம் விழுந்தது. அதே தூரத்துக்கு இதயம் நிமிடத்துக்குப் பத்துத் துடிப்பு கூடுதல். வாரா வாரம் மென்பொருள் விசாரிக்கிறது: திறன் குறைந்து வருகிறது, காரணம் என்ன? களைப்பு, நோய், மன அழுத்தம், தூக்கமின்மை, இவற்றில் ஒன்றைத் தொடவும். நான் எதையும் தொடுவதில்லை. கோடு சரிந்துகொண்டே போகிறது, போகட்டும்.

ஒருமுறை பொன்மாரில் புதிதாகப் போட்டிருந்த வேகத்தடையில் தூக்கிப் போட்டது. சங்கிலி கழன்றது. ஓரமாக உட்கார்ந்து மாட்டிக்கொண்டிருக்கும்போது ஃபோன்.

"விழுந்துட்டியா?"

"இல்ல. வேகத்தடை."

"அப்பாடா. சரி, கொழம்பு அடுப்புல இருக்கு. வெச்சிடறேன்."

கையெல்லாம் கிரீஸ். திரையில் பார்த்தேன், பதினோரு நொடி. அதற்கப்புறம் அந்த வேகத்தடை வரும்போதெல்லாம் பிரேக் பிடிக்காமல் போய்விடலாமா என்று தோன்றும். பிடித்துவிடுகிறேன், பெரும்பாலும்.

ஞாயிறுகளில் இன்னமும் நாலரைக்கே விழிப்பு வருகிறது. காப்பி போட்டுக் குடித்து, டயரில் காற்றை அழுத்திப் பார்த்து, ஜன்னலில் ஏரி வெளுப்பதையும் பார்த்து முடித்தாலும் நேரம் மிச்சம் இருக்கும். கீழே இறங்கி வாசலில் நிற்பேன், ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில். அவள் இன்னும் எழுந்திருக்கமாட்டாள். ஏழு ஐம்பத்தெட்டு. ஏழு ஐம்பத்தொன்பது.